மண்ணுக்குள் ஒரு சிறுவாடு

அரிசிப் பானைக்குள்ளே, அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டிலே, பழைய பட்டுப்புடவையின் மடிப்பிலே என்று நாம் எத்தனை இடத்தில் சிறுவாடு சேர்த்திருக்கிறோம்! வீட்டுக்காரருக்குத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுவார்.

அப்படி யாரோ ஒருத்தி சேர்த்து வைத்த சிறுவாட்டை, அதுவும் இருநூறு வருஷத்துக்கு முந்தையதை, நான் என் கையாலேயே அழித்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். கூடவே, அதில் மிஞ்சிய ஒற்றைக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு, திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வழியாகக் கடற்கரையோரமாகவே போய் வந்த ஒரு நாள் பயணத்தையும் சொல்கிறேன்.

தென்னம்பிள்ளைக்குத் தோண்டிய குழி

1984ஆம் வருஷம். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். கையில் பெண் குழந்தை. திருவொற்றியூரில் மாமனார் காலத்து ஓட்டு வீடு. கொல்லையில் சமையல்கட்டை ஒட்டினாற்போல ஒரு தென்னம்பிள்ளை வைக்கலாம் என்று என் மாமியார் ஆளைக் கூப்பிட்டுக் குழி தோண்டச் சொன்னார். முழங்கால் ஆழம் போயிருக்கும். கடப்பாரை நுனியில் 'ணங்' என்று சத்தம். கையகலக் கலயம் ஒன்று உடைந்து கிடந்தது. அதற்குள் கரி மாதிரி கறுத்துப்போன நாலு வட்டத் தகடுகள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல மருமகள் செய்கிற வேலையைத்தான் செய்தேன். புளியைக் கரைத்து ஊறவைத்து, சாம்பலைத் தொட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். அரை மணி நேரத்தில் பளபளவென்று வெள்ளிக் காசு! ராஜா தலை, ராணி தலை எதுவும் இல்லை. வளைந்து வளைந்து ஓடுகிற எழுத்து. நடுவில் ஒரு தாமரை மொட்டு. அந்த மொட்டு மட்டும் இன்றுவரை என் கண்ணிலேயே நிற்கிறது.

"மண்ணு குடுத்த சீதனம்மா இது. பேத்திக்குக் கொலுசு பண்ணிப் போடு" என்றார் மாமியார். மறு வாரமே ஆசாரியிடம் போனோம். நாலும் சேர்ந்து நாற்பத்தாறு கிராம் நின்றது. "அந்தக் காலத்து வெள்ளிம்மா, சுத்தமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் மூசையில் போட்டு உருக்கினார். குழந்தை ஜல் ஜல் என்று நடந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டு வருஷத்தில் கால் வளர்ந்து கொலுசு பிடிக்கத் தொடங்கியது. கடையில் போட்டு வேறு மாற்றினோம். கலயத்து ஓட்டை அன்றைக்கே குப்பையில் கொட்டியாயிற்று. ஆக, ஒன்றுமே மிச்சமில்லை. நானும் மறந்துபோனேன்.

ஐந்தாவது காசு

போன தை மாதம் கொல்லையில் மழைநீர்த் தொட்டியைப் பழுது பார்த்தோம். அதே தென்னை மரத்தின் வேரடியில் மண்ணை வாரும்போது மேஸ்திரி, "அம்மா, இங்க ஒரு பில்லை இருக்கு பாருங்க" என்று கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பு வட்டம். ஓரத்தில் பச்சைப் பூச்சு. கை தானாகவே புளி ஜாடிப் பக்கம் போனது. நல்லவேளையாக அன்று என் நாத்தனார் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பழைய நாணயம் சேர்ப்பது அவனுக்குப் பைத்தியம்.

"அத்தை, தொடாதீங்க! புளி போட்டா வெள்ளியோட மேல்தோலே போயிடும். எழுத்தும் தேஞ்சுடும். பச்சையா இருக்கிறது வெள்ளியில கலந்த செம்பு கசிஞ்சது. அதை அருங்காட்சியகத்து ஆளுங்கதான் பக்குவமா எடுப்பாங்க" என்றான். சுத்தமான தண்ணீரில் மண் போக நனைத்து, பஞ்சில் ஒற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"இது ஆற்காட்டு ரூபாய், அத்தை."

அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1639ல் நாயக்கர் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் கொடுத்தபோதே, நாணயம் அடித்துக்கொள்ளவும் அனுமதி கொடுத்துவிட்டார். பிறகு கம்பெனியார் கோட்டைக்குள் நாணயச்சாலை வைத்தார்கள். ஆனால் தங்கள் பெயரைப் போட்டால் ஜனங்கள் வாங்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் மொகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரைப் பாரசீக எழுத்தில் போட்டு, 'ஆற்காட்டில் அடித்தது' என்றும் பொறித்தார்கள். 1807லிருந்து இயந்திரத்தில் அடித்த காசுகளிலும் ஹிஜ்ரி 1172 என்ற வருஷத்தையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். நம் கணக்கில் அது 1758, 59. அதற்குள் அந்த அரசர் செத்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது!

"அப்போ இந்தக் காசு ஊரையும் பொய் சொல்லுது, வருஷத்தையும் பொய் சொல்லுதா பாட்டி?" என்று கேட்டாள் பத்து வயசுப் பேத்தி. அந்தத் தாமரை மொட்டுதான் உண்மை சொல்கிற சாட்சி. அது சென்னை நாணயச்சாலையின் அடையாளம்.

அப்போதுதான் எனக்கு 1984 ஞாபகம் வந்தது. அந்த நாலு காசிலும் இதே மொட்டு! தயங்கித் தயங்கிச் சொன்னேன். பிள்ளை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "கலயம் எப்படி இருந்தது? மூடி இருந்ததா? எந்த ஆழம்? அடுப்படியிலிருந்து எத்தனை அடி?" என்று கேட்டான். ஒன்றுக்கும் சரியான பதில் இல்லை. "காசைவிட அதுதான் முக்கியம் அத்தை. காசு ஆயிரம் கிடைக்கும். அது எந்த வீட்டுல, எதுக்குள்ள, எது பக்கத்துல இருந்ததுங்கிறது ஒரு தடவைதான் கிடைக்கும்" என்றான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சமையல்கட்டு ஓரம், முழங்கால் ஆழம், கையகலக் கலயம், ஐந்து ரூபாய். அப்போது ஒரு நட்சத்திர வராகனுக்கு மூன்றரை ரூபாய் கணக்கு. ஐந்து ரூபாய் என்றால் ஒன்றரை வராகன்கூட ஆகவில்லை. ராஜாவும் வியாபாரியும் இந்தத் தொகையையா புதைப்பார்கள்? அடுப்படிக்குப் பக்கத்தில் குனிந்து குழி தோண்டியவள் நம்மைப் போல ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று என் மனசு சொல்கிறது. எதற்காகச் சேர்த்தாளோ? பெண்ணின் பிரசவத்துக்கோ, பஞ்சம் வந்தால் நெல் வாங்கவோ! எடுக்க வராமலே போய்விட்டாள்.

சீமையில் இரண்டு புதையல்

மறுநாள் நாத்தனார் மகன் இங்கிலாந்துக் கதை ஒன்று சொன்னான். 2015ஆம் வருஷம் அங்கே இரண்டு வெவ்வேறு இடங்களில் மண்ணுக்குள்ளிருந்து ஆங்கிலோ சாக்ஸன் காலத்து வெள்ளிக் காசுகள் கிடைத்தன. சுமார் ஆயிரத்து நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தையவை. நம் பழைய பத்துப் பைசா கனம்கூட இருக்காது. ஆனால் அபூர்வமானவை.

ஆக்ஸ்ஃபோர்டுப் பக்கம் வாட்லிங்டனில் கண்டெடுத்தவர் ஒழுங்காகச் சொல்லிவிட்டார். மண்ணோடு கட்டியாகவே பெயர்த்தெடுத்து ஆராய்ந்தார்கள். சுமார் இருநூறு காசுகள். 2017ல் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் பதின்மூன்றரை லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. ஹெரிஃபோர்டுப் பக்கம் கண்டெடுத்த இருவர் மறைத்துவிட்டார்கள். முந்நூறு காசு இருந்திருக்கும் என்று கணக்கு. ரகசியமாக விற்றுச் சிதறிப்போய் ஒரு பகுதிதான் மீண்டது. 2019ல் இருவருக்கும் நீண்ட சிறைவாசம்.

இதில் ஒரு வேடிக்கை. ஆல்ஃபிரட் என்ற அரசரைப் புகழ்ந்து எழுதிய பழைய ஏடுகள், பக்கத்து நாட்டு அரசர் சியோல்வுல்ஃப் என்பவரை ஒன்றுக்கும் உதவாதவர் என்று ஒதுக்கிவிட்டன. இந்தப் புதையல் காசுகளைப் பார்த்தால், இரண்டு அரசர்களும் சேர்ந்து ஒரே மாதிரி நாணயம் அடித்திருக்கிறார்கள். அதாவது கூட்டாளிகள்! ஏடு எழுதியவர்கள் மறைத்ததை மண்ணுக்குள் கிடந்த காசு சொல்லிவிட்டது.

அதே ஆல்ஃபிரட் 883ஆம் ஆண்டு, இந்தியாவிலுள்ள புனித தோமாவுக்குக் காணிக்கை அனுப்பியதாக அந்த நாட்டு ஏடு சொல்கிறது. அது நம் மயிலாப்பூர் வரை வந்து சேர்ந்ததா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

நம் பக்கத்திலும் குறைவில்லை. கொங்கு நாட்டில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமாபுரி வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் தோட்டத்தைச் சுத்தம் செய்யும்போது ஏழடி ஆழத்தில் ஒரு செம்புக்குள் 505 பொற்காசுகள் இருந்தன. எடை 1.716 கிலோ. கோயிலில் கிடைத்ததால் எண்ணி, நிறுத்து, கருவூலத்துக்குப் போயின. வீட்டுக் கொல்லையில் கிடைப்பவை என் மாதிரிப் புளி ஜாடிக்கும் மூசைக்கும் அல்லவா போகின்றன!

எடுத்துக்கொண்டு கிளம்பினோம்

காசைக் கலெக்டரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்தேன். மனுவில் 1984ஆம் வருஷத்துச் சங்கதியையும் எழுதப் போகிறேன் என்றதும் அவர் முகம் சுருங்கியது. "நாப்பது வருஷத்துக்கு முந்தினது. யாருக்குத் தெரியும்? எதுக்கு வம்பு?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் ஐந்தில் ஒன்றை மட்டும் காட்டினால் அந்தப் பெண்ணின் சிறுவாடு ஒற்றை ரூபாயாக அல்லவா பதிவாகும்? நாலும் போனது போகட்டும், கணக்காவது சரியாக இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் பேனாவை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

காலையில் வடிவுடையம்மனைக் கும்பிட்டுக் கிளம்பினோம். தியாகராஜர் கோயில் சுவர்களில் விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவர், ஆடு கொடுத்தவர் பெயரெல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருஷமாகியும் அவர்கள் கணக்கு அழியவில்லை. எங்கள் கொல்லைக்காரியின் கணக்கை எழுத யார் இருந்தார்கள்?

வாசலில், எண்ணூரிலிருந்து நண்டும் இறாலும் கொண்டுவரும் அம்மா எதிர்ப்பட்டாள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். "இன்னாம்மா, ஒத்தக் காசுக்கு இவ்ளோ ரோசனை? பழவேற்காட்டாண்ட புயலு அடிச்சு மண்ணு பொரண்டா சின்னச் சின்னச் செப்புக் காசு ஆப்டும். புள்ளைங்க வெச்சு வெளையாடும்" என்றாள். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613ல் கோட்டை கட்டி, நாணயச்சாலையும் நடத்தினார்கள். அவர்களுடைய செப்புக் காசுக்கு டொய்ட் என்று பெயர். 'கையில் துட்டு இல்லை' என்கிறோமே, அந்தத் துட்டு அதிலிருந்து வந்தது என்பார்கள். நம் காசு ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆனது. அவர்கள் டொய்ட் நம்மிடம் துட்டானது. கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது!

ஆட்டோ கடற்கரைச் சாலையில் போனது. ஒரு பக்கம் அலை மோதும் கருங்கல் அணை. மறுபக்கம் மைல் கணக்கில் கன்டெய்னர் லாரிகள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் வாசனை வருவதற்கு முன்பே பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்த நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில் நம் கரையோர ஜனங்கள்தான் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் இறக்குவார்கள். நாணயச்சாலைக்கு வேண்டிய வெள்ளியும் அப்படி வந்ததுதான். நம் நாட்டில் வெள்ளிச் சுரங்கம் குறைவு. ஸ்பானியர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்தில் வெட்டியெடுத்த வெள்ளி டாலர்களாகக் கடல் தாண்டி வந்து, இங்கே உருகி ரூபாயானது. என் மகள் கால் கொலுசுக்கு எத்தனை பெரிய பயணம்!

ராயபுரத்தில் இறங்கிப் பழைய ரயில் நிலையத்தைப் பார்த்தோம். 1856 ஜூலை முதல் தேதி தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட இடம். உயரத் தூண்களோடு கட்டடம் இன்றும் நிற்கிறது. "முதல் ரயில் எந்த ஊருக்குப் போச்சு பாட்டி?" என்றாள் பேத்தி. வாலாஜா ரோடு வரை. அதாவது ஆற்காட்டுக்கு! பெயரில் மட்டும் ஆற்காட்டைச் சுமந்துகொண்டு சென்னையிலேயே பிறந்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு அங்கே நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமான ஆற்காட்டுக்கு ரயில் விடுவதற்குள் ஆற்காட்டு ரூபாயின் காலமே முடிந்துபோயிருந்தது. 1835ல் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாய் வந்துவிட்டது. சென்னை நாணயச்சாலையும் 1869ல் மூடப்பட்டது. தங்கசாலை என்ற தெருப் பெயர்தான் மிச்சம்.

அங்கிருந்து ராஜாஜி சாலை. கலெக்டர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகையில் மனுவையும் காசையும் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டோம். 1984ஆம் வருஷத்துப் பத்தியைப் படித்த அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் ஒருகாலத்துல இப்படித்தாம்மா உருக்கிட்டாங்க" என்றார்.

வெளியே வந்ததும் தெற்கே பார்த்தேன். கூப்பிடு தூரத்தில் கோட்டை. அங்கே பிறந்த காசு திருவொற்றியூர் வரை போய், மண்ணுக்குள் தூங்கி, இத்தனை காலம் கழித்துப் பிறந்த வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

உங்கள் வீட்டில் கிடைத்தால்

சகோதரிகளே, கடைக்கால் தோண்டும்போதோ செடி வைக்கும்போதோ உங்களுக்கும் கிடைக்கலாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

புளி, எலுமிச்சை, சாம்பல், பல்பொடி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். மெத்தென்ற பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். குழந்தைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இடம், எத்தனை அடி ஆழம், எதற்குள் இருந்தது, கூட என்ன இருந்தது என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். உடைந்த ஓடாக இருந்தாலும் எறியாதீர்கள். எடுத்த இடத்தைப் படமும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மண்ணில் கிடைக்கும் புதையலுக்கு 1878ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்டதென்றால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அன்றைக்குப் பத்து ரூபாய் என்றால் இது போலப் பத்து வெள்ளிக் காசு. இன்றைய வெள்ளி விலையில் ஒரே காசே அந்த வரம்பைத் தாண்டிவிடும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சொன்னால் எல்லாம் பறிபோய்விடும் என்று பயப்படாதீர்கள். பழைய சொந்தக்காரர் யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்பது பொது முறை. அரசாங்கமே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். 1851ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் இப்படி வந்து சேர்ந்த நாணயங்கள் எத்தனையோ இருக்கின்றன. குழந்தைகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. 'இந்தப் பொருளுக்கு உரிமை கொண்டாடுகிறவர் யாராவது இருந்தால் இந்தத் தேதியில் வரலாம்' என்று அறிவிப்புக் கொடுப்பார்கள். நாலு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் உண்டு. எங்கள் காசுக்கு யார் வரப்போகிறார்கள்? ஆனாலும் அந்த நாளன்று நான் போய் ஒரு ஓரமாக உட்காரலாம் என்றிருக்கிறேன். அவள் சார்பில் ஒருத்தியாவது இருக்க வேண்டாமா?